பின்வரிசைக்கும் உயிர்வேதியியல்: மாவட்ட மருத்துவக் கல்லூரிகளில் அணிவழிக் கற்றல்

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்துவைக்கப்பட்டன. விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி ஆகிய மாவட்டங்களுக்கு மொத்தம் 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள் கிடைத்தன. அவற்றில் 150 விருதுநகருக்கு உரியவை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், அதன் அருகே புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் திரளும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் என இந்தப் பகுதியில் வளர்ந்த பிள்ளைக்கு அதுவரை மருத்துவக் கல்லூரி என்றால் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ தேனிக்கோ போக வேண்டும். இப்போது சொந்த மாவட்டத்திலேயே ஒன்று இருக்கிறது.

அதற்குச் சற்று முன்பு, 2020இல், இன்னொரு கதவும் திறந்தது. அரசுப் பள்ளிகளில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு இளநிலை மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்களும் இந்தச் சட்டத்தால் ஆண்டுதோறும் மருத்துவ வகுப்புக்குள் வருகிறார்கள்.

இடம் கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி வகுப்பறையைப் பற்றியது. வெவ்வேறு தயாரிப்போடும் வெவ்வேறு மொழிப் பின்புலத்தோடும் வந்த 150 பேர் ஒரே கூடத்தில் உட்காரும்போது, ஒருவர் மேடையில் நின்று ஒரு மணி நேரம் பேசும் முறை யாருக்குப் பயன்படும்? முன்பே தயாராக வந்தவருக்குத்தான் அது அதிகம் பயன்படும். இந்த நிலையை மாற்றக்கூடிய ஒரு முறை கடந்த நாற்பது ஆண்டுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. மருத்துவக் கல்வியாளர்கள் அதை டி.பி.எல். என்று சுருக்கிச் சொல்வார்கள். இங்கே அணிவழிக் கற்றல் என்று அழைப்போம். முதலாமாண்டு உயிர்வேதியியல் வகுப்பில் அது என்ன செய்ய முடியும், நம் புதிய மாவட்டக் கல்லூரிகளுக்கு அது ஏன் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உயிர்வேதியியல் ஏன் கடினமாகிறது

எம்.பி.பி.எஸ். முதலாமாண்டில் மூன்று முதன்மைப் பாடங்கள் உண்டு. உடற்கூறியலில் கையால் தொட்டுப் பார்க்க ஓர் உடல் இருக்கிறது. உடலியங்கியலில் நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மாணவர்கள் தங்களுக்குள்ளேயே அளந்து பார்க்கலாம். உயிர்வேதியியலில் அப்படிக் கைக்கு எட்டுவது குறைவு. கிளைகாலிசிஸ், கிரெப்ஸ் சுழற்சி, யூரியா சுழற்சி, கொழுப்பு அமிலச் சிதைவு என்று நொதிகளின் பெயர்களும் அம்புக்குறிகளும் நிரம்பிய வரைபடங்களே கண்முன் நிற்கின்றன. நோயாளியைப் பார்க்கும் காலம் இன்னும் வரவில்லை. எதற்காக இதைப் படிக்கிறோம் என்பது விளங்காத நிலையில், வைவாவில் கேட்பார்களே என்ற பயத்தில் மனப்பாடம் நடக்கிறது. தேர்வு முடிந்ததும் பெரும்பகுதி மறந்துபோகிறது.

கால நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. 1997ஆம் ஆண்டின் விதிமுறை, முன்பு ஒன்றரை ஆண்டாக இருந்த முதல் கட்டப் படிப்பை ஓராண்டாகச் சுருக்கியது. 2019இல் இந்திய மருத்துவக் கழகம் திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது உயிர்வேதியியலுக்கு மொத்தம் 250 மணி நேரம் ஒதுக்கியது. அதில் விரிவுரைக்கு 80 மணி, சிறுகுழுக் கற்பித்தலுக்கும் செய்முறைக்கும் 150 மணி, தானே கற்பதற்கு 20 மணி. விரிவுரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 1997ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. 2019ஆம் ஆண்டின் விதிமுறையும் அதையே சொன்னது.

ஆக, விரிவுரையைக் குறைக்க வேண்டும் என்பதில் சட்டத்துக்கும் கல்வியியலுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. குறைத்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் சிக்கல். 'சிறுகுழுக் கற்பித்தல்' என்று அட்டவணையில் எழுதிவிடலாம். குழுவுக்கு ஓர் ஆசிரியர் வேண்டுமே! கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கிவைத்த பிரச்சினைவழிக் கற்றல் உலகப் புகழ் பெற்றது. அதில் எட்டுப் பேருக்கு ஒரு வழிகாட்டி என்று வைத்தால் 150 மாணவர்களுக்கு ஏறக்குறைய 19 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் தேவை. ஒரு மாவட்டக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் அத்தனை பேரை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் பல இடங்களில் சிறுகுழு வகுப்பு என்ற பெயரில் இன்னொரு விரிவுரையே நடக்கிறது.

ஒக்லஹோமாவில் பிறந்த வழி

அணிவழிக் கற்றல் இந்த ஆள் பற்றாக்குறையிலிருந்தே பிறந்தது. அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் மேலாண்மை கற்பித்த லாரி மைக்கேல்சனின் வகுப்பு 1979இல் 40 மாணவர்களிலிருந்து 120 மாணவர்களாகப் பெருத்தது. அதுவரை விவாதமாக நடத்திய வகுப்பை விரிவுரையாக மாற்ற அவருக்கு மனமில்லை. ஒரே கூடத்தில், ஒரே ஆசிரியர் முன்னிலையில், பல அணிகள் ஒரே நேரத்தில் சிந்தித்து வாதிடும்படி வகுப்பை அவர் மாற்றி அமைத்தார். 2001இல் ஹியூஸ்டனின் பெய்லர் மருத்துவக் கல்லூரி, அமெரிக்கக் கல்வித் துறையின் நிதியுதவியோடு இம்முறையை மருத்துவக் கல்விக்குள் கொண்டுவந்தது. அங்கிருந்து பல மருத்துவக் கல்லூரிகளுக்குப் பரவியது.

தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஊரிலும் இது வேரூன்றியிருக்கிறது. டியூக் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2005இல் நிறுவிய மருத்துவக் கல்லூரி, 2007இல் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே வழக்கமான விரிவுரைகளுக்குப் பதிலாக அணிவழிக் கற்றலை மையமாக வைத்தது. 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்த நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவக் கல்லூரியும் அதே வழியைத் தேர்ந்தது.

நம் பக்கத்திலும் இதற்கான மண் பண்பட்டே இருக்கிறது. மருத்துவ ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் கலையைப் பயிற்றுவிக்கும் தேசிய மையம் புதுச்சேரி ஜிப்மரில் 1975 முதல் இயங்குகிறது. கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் 2007 முதல் மருத்துவக் கல்வியாளர்களுக்கான ஃபெய்மர் பயிற்சி நடக்கிறது. உயிர்வேதியியலிலேயே முன்மாதிரிகள் உண்டு. ஒரு பாடப்பகுதி முடிந்ததும் மாணவர்களே கேள்விகளை உருவாக்கி, சிறு குழுக்களில் அவற்றை விவாதித்துத் திருப்புதல் செய்யும் முறையை ஜிப்மரின் உயிர்வேதியியல் துறையினர் நடத்திப் பார்த்து 2007இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். கருத்து வரைபடங்கள் உயிர்வேதியியல் கற்றலை மேம்படுத்துகின்றன என்று சென்னை சவீதா மருத்துவக் கல்லூரியிலிருந்து 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இவை அணிவழிக் கற்றல் அல்ல. ஆனால் மாணவரைப் பேச வைத்தால் இந்தப் பாடம் பிடிபடும் என்பதை நம் ஆசிரியர்கள் தாங்களாகவே கண்டறிந்ததற்குச் சான்றுகள்.

ஒரு வகுப்பு எப்படி நடக்கும்?

அணிகளை ஆசிரியரே அமைப்பார். ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட அணிகள். 150 பேருக்கு ஆறு பேர் வீதம் 25 அணிகள். நண்பர்கள் கூடி உட்காருவதற்கு இடமில்லை. நகரத்துப் பள்ளி, கிராமத்துப் பள்ளி, தமிழ்வழி, ஆங்கிலவழி, மாணவர், மாணவி என்று எல்லா அணிகளிலும் எல்லாரும் கலந்திருக்க வேண்டும். அமைத்த அணி ஆண்டு முழுவதும் கலையாது. ஒருவரையொருவர் அறிந்து, தயக்கம் விலகி, முரண்பட்டுப் பேசப் பழகுவதற்கு அந்தக் காலம் தேவைப்படுகிறது.

வகுப்புக்குச் சில நாள் முன்பு படிக்க வேண்டிய பக்கங்கள் தரப்படும். வகுப்பில் முதலில் பத்துக் கேள்விகள் அளவில் ஒரு தேர்வு. அதைத் தனித்தனியாக எழுத வேண்டும். தாளைக் கொடுத்துவிட்டு, அதே கேள்விகளுக்கு அணியாகப் பேசி மறுபடியும் விடையளிக்க வேண்டும். இங்கே சுரண்டும் அட்டை ஒன்றைப் பயன்படுத்துவது வழக்கம். அணி தேர்ந்த விடையின் மேல்பூச்சைச் சுரண்டினால் அது சரியா தவறா என்று அப்போதே தெரிந்துவிடும். தவறானால் மறுபடி பேசி அடுத்த விடையைச் சுரண்டலாம், மதிப்பெண் மட்டும் குறையும். விடைத்தாள் வரும்வரை ஒரு வாரம் காத்திருப்பது இல்லை. தவறு நேர்ந்த நிமிடத்திலேயே, அது ஏன் தவறு என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. கேள்வியோ விடையோ தவறு என்று அணி கருதினால், புத்தகச் சான்றோடு எழுத்து மூலம் முறையிடலாம். அதன் பிறகே ஆசிரியர் பேசுவார். பெரும்பாலோர் தடுமாறிய இடங்களை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் விளக்குவார்.

இவ்வளவும் முன்தயாரிப்பு. அடுத்து வரும் பயன்பாட்டுப் பயிற்சிதான் வகுப்பின் உயிர்நாடி. அதற்கு நான்கு விதிகள் உண்டு. உண்மையில் முக்கியமான பிரச்சினையாக இருக்க வேண்டும். எல்லா அணிகளுக்கும் ஒரே பிரச்சினை தரப்பட வேண்டும். நீண்ட கட்டுரை எழுதாமல், குறிப்பிட்ட ஒரு முடிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் தங்கள் விடையை உயர்த்திக் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விதியால், பக்கத்து அணியைப் பார்த்து விடையை மாற்றிக்கொள்ள வழியில்லாமல் போகிறது.

ஒரு கற்பனை நோயாளியைக் கொண்டு இதைப் பார்க்கலாம். ராஜபாளையத்தில் சுமை தூக்கும் வேலை செய்யும் 45 வயதுக்காரர். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் குடித்துக்கொண்டே இருந்தவர், மூன்றாம் நாள் காலையில் நினைவிழந்து கிடக்கிறார். இரத்தச் சர்க்கரை 38 மில்லிகிராம். அவருடைய கல்லீரல் சர்க்கரையை உற்பத்தி செய்யத் தவறியதற்கு முதன்மைக் காரணம் எது? அ: கிளைகோஜன் இருப்பு தீர்ந்துவிட்டது. ஆ: என்.ஏ.டி.எச். மிகுந்து, பைருவேட்டும் ஆக்ஸலோஅசிட்டேட்டும் வேறு பாதைக்குத் திரும்பிவிட்டன. இ: இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்தது. ஈ: தசையில் புரதம் இல்லாமல் போனது.

பல அணிகள் 'அ' அட்டையைத் தூக்கும். அது பொய்யில்லை, ஒரு நாள் பட்டினியிலேயே கல்லீரலின் கிளைகோஜன் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் ஓர் அணியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவி ஒருவர் இருந்தால் இப்படிக் கேட்கக்கூடும்: "வைகுண்ட ஏகாதசிக்கு எங்க பாட்டி ராத்திரி பகல் எதுவும் சாப்பிடாம இருக்காங்க. அவங்க மயங்கி விழலையே?" அந்த ஒரு கேள்வியில் 'அ' போதாது என்று ஆகிவிடுகிறது. கிளைகோஜன் தீர்ந்த பிறகு லாக்டேட், அலனின், கிளிசரால் ஆகியவற்றிலிருந்து கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்கிறது; விரதம் இருக்கும் பாட்டியைக் காப்பாற்றுவது அதுதான். இந்த நோயாளிக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. ஆல்கஹால் அசிட்டால்டிஹைடாகவும், அது அசிட்டேட்டாகவும் மாறும் இரண்டு படிகளிலும் என்.ஏ.டி. செலவாகி என்.ஏ.டி.எச். குவிகிறது. குவிந்த என்.ஏ.டி.எச். பைருவேட்டை லாக்டேட்டாகவும் ஆக்ஸலோஅசிட்டேட்டை மாலேட்டாகவும் தள்ளிவிடுகிறது. சர்க்கரை செய்ய மூலப்பொருள் கிடைப்பதில்லை. விடை 'ஆ'.

அடுத்த கேள்வி: இவருக்குக் குளுக்ககான் ஊசி போட்டால் சர்க்கரை ஏறுமா? முந்தைய விவாதத்தைப் புரிந்துகொண்ட அணிக்கு இது எளிது. குளுக்ககான் முதன்மையாகக் கிளைகோஜனை உடைத்தே சர்க்கரையை ஏற்றும். இருப்பே இல்லாத இடத்தில் உடைக்க என்ன இருக்கிறது? மூன்றாவது கேள்வி: குளுக்கோஸ் ஏற்றும்போது எந்த வைட்டமினையும் சேர்த்துத் தர வேண்டும்? தயமின். பைருவேட் டிஹைட்ரஜனேஸ் நொதிக்கு அது துணைக்காரணி. நீண்ட காலக் குடியால் தயமின் வற்றிய உடலில் குளுக்கோஸ் மட்டும் பாய்ந்தால் மூளை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. அதற்காகக் குளுக்கோஸைத் தாமதிக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

மூன்று கேள்விகளில் கிளைகோஜன், குளுக்கோனியோஜெனிசிஸ், ரெடாக்ஸ் விகிதம், துணைக்காரணிகள் என நான்கு பாடங்கள் ஒரு நோயாளியின் உடலில் வந்து சேர்ந்துவிட்டன. வரைபடத்தில் இருந்த அம்புக்குறிகளுக்கு ஒரு மனிதர் கிடைத்துவிட்டார். முதலாமாண்டு மாணவர் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் மருத்துவரைப் போல் யோசிக்கத் தொடங்குகிறார். இத்தகைய கேள்விகளுக்கு விருதுநகர் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. சிவகாசிப் பட்டாசு விபத்தில் தீக்காயம் பட்டவரின் உடலில் புரதம் ஏன் கரைகிறது, பூச்சிக்கொல்லி குடித்தவரின் கோலினெஸ்டரேஸ் ஏன் விழுகிறது, இரத்தசோகை உள்ள வளரிளம் பெண்ணின் ஃபெரிட்டின் என்ன சொல்கிறது என்று துறையினர் ஆண்டு முழுவதற்கும் வேண்டிய பயிற்சிகளைச் சொந்த மருத்துவமனையின் அனுபவத்திலிருந்தே எழுதிவிடலாம்.

சான்றுகள் சொல்வது

ஒரு கல்விமுறை கேட்க நன்றாக இருப்பது போதாது. பலன் தருகிறதா என்று பார்க்க வேண்டும். பொதுவாக, மாணவரைச் செயல்பட வைக்கும் வகுப்புகளைப் பற்றிப் பரவலாகப் பேசப்பட்ட தொகுப்பாய்வு 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் வெளியிட்டது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை அவர்கள் திரட்டினார்கள். விரிவுரை வகுப்பில் தோல்வி விகிதம் 33.8 விழுக்காடு, செயல்வழி வகுப்பில் 21.8 விழுக்காடு.

மருத்துவம் உள்ளிட்ட நலத்துறைக் கல்வியில் அணிவழிக் கற்றலை மட்டும் எடுத்துக்கொண்டு 2013இல் வெளியான முறைசார் மதிப்பாய்வு ஒன்று நிதானமான சித்திரத்தைத் தருகிறது. அது தேர்ந்தெடுத்த 14 ஆய்வுகளில் ஏழில் அறிவு மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தது. நான்கில் வேறுபாடு இல்லை. மீதி மூன்றில் உயர்வு இருந்தும் அது புள்ளியியல்படி உறுதிசெய்யப்படவில்லை. மாணவர்களின் மனநிறைவைப் பொறுத்தவரை முடிவுகள் கலவையாகவே இருந்தன. எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விரிவுரையைக் குறைத்தால் மாணவர்கள் பின்தங்கிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் இந்த மதிப்பாய்வில் ஆதாரம் இல்லை.

நம் சூழலுக்கு இவற்றைவிட முக்கியமான ஆய்வு ஒன்று உண்டு. ஒஹையோ மாநிலத்தின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பால் கோல்ஸ் குழுவினர் 2010இல் வெளியிட்டது அது. 178 மருத்துவ மாணவர்களின் தேர்வு விடைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அணிவழியில் கற்ற பாடங்கள் குறித்த கேள்விகளில் மாணவர்கள் மற்றக் கேள்விகளைவிடச் சராசரியாக 5.9 விழுக்காடு அதிகம் பெற்றிருந்தார்கள். அந்த உயர்வு யாருக்கு எவ்வளவு என்று பார்த்தபோது, வகுப்பின் மேல் கால்பகுதி மாணவர்களுக்கு 3.8 விழுக்காடு, கீழ்க் கால்பகுதி மாணவர்களுக்கு 7.9 விழுக்காடு.

ஒரு கல்லூரியின் ஆய்வை வைத்து உலகம் முழுவதற்கும் முடிவு கட்டக் கூடாது. இருந்தாலும் இதன் திசை தெளிவாக இருக்கிறது. முன்வரிசைக்கு நட்டமில்லாமல் பின்வரிசைக்கு இருமடங்கு பயன் தரும் முறை எந்த வகுப்பறைக்கும் வரம்தான். 7.5 விழுக்காடு முன்னுரிமையில் இடம் பெற்றவர்களும் பயிற்சி மையத்தில் பல லட்சம் செலவழித்து வந்தவர்களும் அருகருகே அமரும் வகுப்பறைக்கு அது சமூகநீதியின் தொடர்ச்சியும் ஆகிறது. சேர்க்கையில் தந்த வாய்ப்பைக் கற்பித்தலில் தராவிட்டால் முதலாமாண்டுத் தேர்வில் அது கைநழுவிப் போகக்கூடும்.

இன்னொரு முடிவும் கருத்தில் கொள்ளத் தக்கது. நியூ ஜெர்சி மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியலை அணிவழியில் கற்பித்த நாகசாமி வாசனும் அவருடைய சகாக்களும் 2009இல் மாணவர் கருத்துகளை ஆராய்ந்தார்கள். இம்முறையை மாணவர்கள் விரும்பியதற்கும் அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் தொடர்பில்லை என்று கண்டார்கள். நன்றாகப் படிப்பவருக்கு மட்டுமே பிடித்த முறை இது என்று ஒதுக்கிவிட முடியாது.

தமிழில் வாதம், ஆங்கிலத்தில் விடை

பின்வரிசை மாணவர் ஏன் அதிகம் பயனடைகிறார்? விரிவுரையில் புரியாதபோது 149 பேர் முன்னிலையில் எழுந்து, ஆங்கிலத்தில், ஒரு பேராசிரியரிடம் கேள்வி கேட்க வேண்டும். பெரும்பாலோர் கேட்பதில்லை. அணியில் ஐந்து பேர்தான். பல வாரம் பழகியவர்கள். "எனக்கு இந்த எடம் புரியல" என்று சொல்வதில் கூச்சமில்லை. அதற்குப் பதில் சொல்பவர் நேற்றுத்தான் அதைப் புரிந்துகொண்டவர். எந்தப் படியில் கால் இடறும் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. இருபது ஆண்டு அனுபவமுள்ள பேராசிரியருக்கு அந்தப் படி கண்ணிலேயே படாமல் போகக்கூடும். சொல்லிக்கொடுத்தவருக்கும் லாபம் உண்டு. வாய்விட்டு விளக்கியது நெடுநாள் மனத்தில் நிற்கும்.

நம் மண்ணில் இதற்கு இன்னொரு பரிமாணமும் சேர்கிறது. கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருந்தாலும் அணிக்குள் பேச்சு தமிழில் நடக்கும். கல்லூரி விதி எதுவாக இருந்தாலும் அப்படித்தான் நடக்கும், நடக்கவும் வேண்டும். என்.ஏ.டி.எச். குவிந்தால் பைருவேட் எங்கே போகும் என்பதைத் தாய்மொழியில் வாதிட்டுத் தெளிந்தவர், பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதுவதற்குத் தடுமாற மாட்டார். மருத்துவத்தைத் தமிழில் சிந்திப்பது நமக்குப் புதிதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தம் மாணவர்களுக்கு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, வேதியியல் உட்படப் பல துறைகளில் தமிழ்ப் பாடநூல்களை உருவாக்கினார். நாளை இதே மாணவர் ராஜபாளையம் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து, சர்க்கரை ஏன் கூடுகிறது என்பதை ஒரு மூதாட்டிக்குத் தமிழில்தான் விளக்கப் போகிறார். அந்தப் பயிற்சி முதலாமாண்டிலேயே தொடங்கிவிடுகிறது.

தடைகளும் அவற்றின் தீர்வும்

முதல் தடை, கேள்வி எழுதுவது. நல்ல பயன்பாட்டுப் பயிற்சி ஒன்றை எழுத ஒரு விரிவுரைக்குத் தயாரிப்பதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். நான்கு விடைகளும் நம்பும்படி இருக்க வேண்டும். ஒன்று மட்டுமே மிகச் சிறந்ததாக இருக்க வேண்டும். விடை வெளிப்படையாகத் தெரிந்தால் விவாதம் நடக்காது; இரண்டு விடைகள் சமமாக இருந்தால் சண்டைதான் நடக்கும். ஒவ்வொரு துறையும் தனித்தனியே இந்தச் சுமையைச் சுமக்க வேண்டியதில்லை. 11 புதிய கல்லூரிகளின் உயிர்வேதியியல் துறைகள் ஆளுக்கு இரண்டு பயிற்சிகள் எழுதிப் பகிர்ந்தாலே 22 பயிற்சிகள் கொண்ட பொதுக் கருவூலம் உருவாகிவிடும். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அதை ஒருங்கிணைக்க முடியும்.

இரண்டாவது தடை, முன்கூட்டியே படித்து வருவது. ஆங்கிலப் பாடநூலின் நாற்பது பக்கங்களை அனுப்பிவிட்டுப் படித்து வா என்றால், யாரைக் கைதூக்க விரும்புகிறோமோ அவரே முதலில் விழுந்துவிடுவார். படிக்கத் தருவது எட்டுப் பத்துப் பக்கங்களுக்குள் இருக்க வேண்டும். எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்ற வழிகாட்டிக் கேள்விகளோடு வர வேண்டும். கடினமான பகுதிகளுக்குத் துறை ஆசிரியரே தமிழில் பேசிய சிறு ஒலிப்பதிவைச் சேர்த்து அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.

மூன்றாவது தடை, ஒருவர் உழைப்பில் மற்றவர் பிழைப்பது. தனித்தேர்வுக்கும் அணித்தேர்வுக்கும் தனித்தனி மதிப்பெண் இருப்பதால் ஓரளவு இது கட்டுப்படுகிறது. பருவத்துக்கு ஒருமுறை அணியினர் ஒருவரையொருவர் மதிப்பிடும் ஏற்பாடும் இம்முறையின் பகுதி. நம் மாணவர்கள் நண்பரைக் குறைத்து மதிப்பிடத் தயங்குவார்கள். ஆகவே மதிப்பெண் கேட்பதைவிட, "இவர் தொடர வேண்டிய ஒன்று, திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்று" என்று இரண்டு வரி எழுதித் தரச் சொல்வது பொருத்தம்.

நான்காவது தடை மனத்தில் இருக்கிறது. 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியே குழுவினர் நடத்திய ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்த மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் தோன்றும். தானே முட்டி மோதிச் சிந்திக்கும்போது ஒன்றும் தெரியவில்லை என்று தோன்றும். முதல் மாதத்தில் "சார் பாடமே நடத்துறதில்ல" என்ற முறையீடு வரத்தான் செய்யும். இந்த ஆய்வின் முடிவை மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெற்றோருக்கும் கல்லூரி முதல்வருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

கூடமும் பொருளும் பெரிய தடைகள் அல்ல. படிக்கட்டு இருக்கைகள் கொண்ட விரிவுரைக் கூடத்திலும் முன்வரிசையில் மூவர் திரும்பி உட்கார்ந்தால் பின்வரிசை மூவரோடு ஓர் அணி ஆகிவிடும். சுரண்டும் அட்டைக்குப் பதிலாக நான்கு நிறத் தாள்களும், விடையை உள்ளே வைத்து ஒட்டிய உறைகளும் போதும்.

எங்கே தொடங்குவது?

விரிவுரை நேரம் முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்றத் தேவையில்லை. ஆறு பாடப்பகுதிகளில் தொடங்கலாம்: கார்போஹைட்ரேட் வளர்சிதைமாற்றம், கொழுப்பு, அமில-காரச் சமநிலை, ஹீம் மற்றும் மஞ்சள் காமாலை, வைட்டமின்கள், நொதிகளின் மருத்துவப் பயன். ஆறும் நோயாளியோடு நேரடித் தொடர்புள்ளவை; நல்ல கேள்விகள் எளிதில் அமையும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிற்பகல் என்று சிறுகுழு நேரத்திலிருந்து எடுத்தால் அட்டவணையும் குலையாது. அணித்தேர்வு மதிப்பெண்ணை உள்மதிப்பீட்டில் சிறு பங்காகச் சேர்க்க வேண்டும். மதிப்பெண் இல்லாத எதையும் நம் மாணவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள் என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். ஆண்டு முடிவில் பல்கலைக்கழகத் தேர்வு விடைகளைப் பகுத்து, அணிவழியில் கற்ற பாடங்களில் யாருக்கு எவ்வளவு உயர்வு என்று கணக்கிட்டு வெளியிட வேண்டும். ஒஹையோவின் எண்கள் விருதுநகருக்கும் பொருந்துமா என்பதை விருதுநகர்தான் சொல்ல முடியும். அந்த ஆய்வே நம் மாவட்டக் கல்லூரிகள் உலக மருத்துவக் கல்விக்குத் தரும் பங்களிப்பாக அமையும்.

ஒரு மருத்துவர் வாழ்நாள் முழுவதும் அணியாகவே வேலை செய்கிறார். செவிலியர், ஆய்வக நுட்புநர், மருந்தாளுநர், மயக்க மருந்து நிபுணர் என்று பலரும் சேர்ந்து எடுக்கும் முடிவுதான் நோயாளியைப் பிழைக்க வைக்கிறது. தன் கருத்தை ஆதாரத்தோடு சொல்லவும், அடுத்தவர் சொல்வது சரியென்றால் ஏற்றுக்கொள்ளவும் கற்றுத் தருவது உயிர்வேதியியலின் கூடுதல் பரிசாக இருக்கட்டும்.

மாவட்டந்தோறும் மருத்துவக் கல்லூரி வேண்டும் என்ற இலக்கோடு தமிழ்நாடு பல மாவட்டங்களில் கல்லூரிகளைப் பெற்றிருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் இடம் வேண்டும் என்று சட்டம் இயற்றியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் வகுப்பறையில் வாய் திறந்து பேசவும், தவறு செய்யவும், திருத்திக்கொள்ளவும் இடம் தருவது இப்போது ஆசிரியர்களின் கையில் இருக்கிறது. வரும் கல்வியாண்டில் ஒரு துறை, ஒரு பாடப்பகுதி, ஒரு பிற்பகல் என்ற அளவிலாவது இதைத் தொடங்க வேண்டும் என்பதே உயிர்வேதியியல் ஆசிரியர்களிடம் இக்கட்டுரை வைக்கும் வேண்டுகோள்.